வீட்டு டிவிஆர், என்விஆர்: நெட்வொர்க் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மானிட்டரில் கேமராக்கள் எல்லாம் ஓடுகின்றன, பதிவும் ஆகிறது, ஆனால் போனில் உள்ள ஆப் "ஆஃப்லைன்" என்கிறது. உடனே நெட்வொர்க் மெனுவுக்குள் போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்தால், ஒரு கோளாறு மூன்றாகிவிடும். கேபிள் கழன்றிருந்தாலும், டிஎன்எஸ் (இணையப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) காலியாக இருந்தாலும், ரெக்கார்டரின் (கேமராக் காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆர் அல்லது என்விஆர் பெட்டியின்) தேதி தப்பாக இருந்தாலும் ஆப் காட்டுவது அந்த ஒரே "ஆஃப்லைன்"தான். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ரெக்கார்டருக்கு மிக அருகில் இருப்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கண்ணியாக வெளியே போக வேண்டும்: கேபிள், ரவுட்டர், இணையம், கடைசியில்தான் ஆப்.

எதையும் தொடுவதற்கு முன் டிசிபி/ஐபி பக்கம், போர்ட் பக்கம், பி2பி (தயாரிப்பாளரின் சர்வர் வழியாகப் போனில் பார்க்கும் வசதி) அல்லது கிளவுட் பக்கம், தேதி நேரப் பக்கம் ஆகிய நான்கையும் போனில் படம் எடுத்து வையுங்கள். முன்பு ஓடிக்கொண்டிருந்த எண்கள் அவை. அவற்றிலேயே பாதி விடை இருக்கும்.

பிறகு மூன்று சோதனைகள், இதே வரிசையில்.

1. ரெக்கார்டரின் பின்புறம் லேன் போர்ட்டில் விளக்கு எரிகிறதா?
2. வீட்டு வைஃபையில் இணைந்த போனின் பிரவுசரில் ரெக்கார்டரின் ஐபி முகவரியை (டிசிபி/ஐபி பக்கத்தில் உள்ள எண்) அடித்தால் லாகின் பக்கம் வருகிறதா? (மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள்.)
3. ரெக்கார்டரின் மெனுவிலேயே நெட்வொர்க் டெஸ்ட் என்ற பகுதி பெரும்பாலும் இருக்கும். அதில் 8.8.8.8-ஐ (இணையத்தில் உள்ள கூகுளின் முகவரி) பிங் செய்தால், அதாவது ஒரு சிறு சோதனைச் செய்தி அனுப்பினால், பதில் வருகிறதா?

முதலாவதிலேயே நின்றால் கேபிள் அல்லது போர்ட். இரண்டாவதில் நின்றால் பெரும்பாலும் ஐபி முகவரி. மூன்றாவதில் நின்றால் கேட்வே (ரெக்கார்டரில் குறித்திருக்கும் ரவுட்டர் முகவரி) அல்லது இணைய இணைப்பு. மூன்றும் சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்றால் டிஎன்எஸ், தேதி, கிளவுட் கணக்கு ஆகியவற்றில் ஒன்று. இனி நீங்கள் காணும் அறிகுறிக்கு நேராகப் போகலாம்.

லேன் போர்ட்டில் விளக்கே எரியவில்லை

மெனுவைத் திறக்கவே வேண்டாம், இது செட்டிங் விஷயம் அல்ல. அதே கேபிளைக் கழற்றி ஒரு லேப்டாப்பில் செருகுங்கள். அங்கேயும் விளக்கு எரியாவிட்டால் கேபிளோ ரவுட்டரின் போர்ட்டோ போயிருக்கிறது. ரவுட்டரில் வேறு போர்ட்டுக்கு மாற்றி எது என்று பிரித்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் எரிந்து ரெக்கார்டரில் எரியவில்லை என்றால் ரெக்கார்டரின் போர்ட் பழுது. இடி மின்னலுக்குப் பிறகு இப்படி நடப்பது சகஜம்.

என்விஆர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின்புறம் 4 அல்லது 8 பிஓஇ போர்ட்கள் (அதே கேபிளில் மின்சாரமும் தருபவை) வரிசையாக இருக்கும். அவை கேமராக்களுக்கு. தள்ளி, தனியாக "லேன்" என்று எழுதியிருக்கும் போர்ட்டில்தான் ரவுட்டர் கேபிள் போக வேண்டும். ரவுட்டரை பிஓஇ போர்ட்டில் செருகினால் விளக்கு எரியலாம், ஆனால் ரெக்கார்டருக்கு இணையம் கிடைக்காது.

விளக்கு எரிகிறது, ஆனால் இணைப்பு வந்து வந்து போகிறது என்றால் கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளிப் கீழேயும் தங்க நிறப் பின்கள் மேலேயும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக வர வேண்டிய வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து 3-ஆம், 6-ஆம் பின்களில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். நிறம் அழகாக ஜோடி ஜோடியாக வரட்டும் என்று பச்சையை 3, 4-லும் நீலத்தை 5, 6-லும் போட்டு கிரிம்ப் செய்துவிடுவார்கள் (முனையில் அழுத்திப் பொருத்திவிடுவார்கள்). இரண்டு முனையிலும் அப்படியே இருந்தால் சாதாரண கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், "கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்ற முடிவுக்கு வருவோம். ஆனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பு 1, 2, 3, 6 பின்களில் ஓடுகிறது. 3-உம் 6-உம் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியாக இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பியின் சிக்னல் இதில் கலக்கும். நீளம் குறைவாக இருந்தால் தெரியாது, கேபிள் நீளமாகப் போகும் வீட்டில் படம் உடையும். முனையை வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் புதிதாக கிரிம்ப் செய்வதுதான் தீர்வு. செம்புக் கேபிளுக்கே எல்லை 100 மீட்டர். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் அதற்கு முன்பே தடுமாறும், வளைத்த இடத்தில் எளிதாக முறியவும் செய்யும்.

ஐபி முகவரி 0.0.0.0 என்றோ 169.254 என்று தொடங்கியோ காட்டுகிறது

டிஹெச்சிபி (ரவுட்டரிடமிருந்து முகவரியைத் தானாகப் பெறும் வசதி) ஆன் ஆக இருக்கிறது, ஆனால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். 169.254 என்பது எங்கிருந்தும் முகவரி வராதபோது சாதனம் தனக்குத்தானே வைத்துக்கொள்வது. அதை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது.

ரவுட்டரை அணைத்துப் போட்டு, அது முழுதாக ஏறிய பிறகு ரெக்கார்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால் ரவுட்டரில் டிஹெச்சிபி சர்வர் ஆன் ஆக இருக்கிறதா, முகவரிப் பட்டியல் நிரம்பிவிட்டதா, மேக் அட்ரஸ் (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) ஃபில்டரில் ரெக்கார்டர் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில ரவுட்டர்கள் பட்டியலை 20, 30 முகவரிகளோடு நிறுத்தியிருக்கும். போன், டிவி, பல்பு என்று வைஃபை சாதனங்கள் கூடிய வீட்டில் அது எளிதில் தீர்ந்துபோகும்.

வீட்டு வைஃபையில் தெரிகிறது, வெளியே போனால் ஆஃப்லைன்

அதிகம் வரும் கோளாறு இதுதான். வீட்டுக்குள் தெரிவதால் கேபிளும் ஐபி முகவரியும் சரி. வெளியே போகும் வழியில்தான் அடைப்பு. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது கேட்வே. வீட்டுக்குள் இருக்கும் போனும் ரெக்கார்டரும் பேசிக்கொள்ள கேட்வே தேவையே இல்லை. அதனால் அந்தக் கட்டத்தில் தப்பான எண் இருந்தாலும் வீட்டில் எல்லாம் சரியாகவே ஓடும், வாசலைத் தாண்டினால் போய்விடும். கேட்வே என்பது ரவுட்டரின் முகவரி. போனில் வைஃபை இணைப்பின் விவரத்தைத் திறந்தால் "கேட்வே" அல்லது "ரவுட்டர்" என்ற வரியில் அது இருக்கும். அதே எண்தான் ரெக்கார்டரிலும் இருக்க வேண்டும். சப்நெட் மாஸ்க் பெரும்பாலான வீடுகளில் 255.255.255.0. அதையும் போனில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது டிஎன்எஸ். 8.8.8.8 பிங் ஆகிறது, ஆனால் பி2பி ஆஃப்லைன் என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். கிளவுட் சர்வரை ரெக்கார்டர் பெயரால் தேடுகிறது. அந்தப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். கட்டத்தில் 0.0.0.0 இருந்தாலோ, பழைய ரவுட்டரின் முகவரி இருந்தாலோ தேடல் அங்கேயே நின்றுவிடும். முதல் கட்டத்தில் 8.8.8.8, இரண்டாவதில் 1.1.1.1 கொடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. சில ரெக்கார்டர்களில் ஐபி முகவரிக்கு ஒரு டிஹெச்சிபி டிக், டிஎன்எஸ்ஸுக்குத் தனியாக இன்னொரு டிக். முதலாவதை மட்டும் போட்டால் முகவரி வந்துவிடும், டிஎன்எஸ் காலியாகவே கிடக்கும். "டிஹெச்சிபி ஆன் பண்ணியாச்சே, அப்புறம் என்ன?" என்று குழம்பும் இடம் இது.

மூன்றாவது தேதி. நெட்வொர்க் கோளாறைத் தேடும்போது யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். கிளவுட் சர்வரோடு பேசும் பாதுகாப்பான இணைப்பு, சர்வர் காட்டும் சான்றிதழ் இன்றைய தேதியில் செல்லுமா என்று சரிபார்க்கிறது. ரெக்கார்டரின் தேதி 2000 என்றோ 1970 என்றோ போயிருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகிவிடும், இணைப்பு மறுக்கப்படும். தேதியைக் கையால் சரிசெய்து, டைம்ஸோன் சரியா என்று பார்த்து, என்டிபியை (இணையத்திலிருந்து நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி) ஆன் செய்யுங்கள். என்டிபி யுடிபி 123-ஆம் போர்ட்டில் ஓடுகிறது. சர்வரின் பெயரைத் தேட அதற்கும் டிஎன்எஸ் வேண்டும், ஆகவே டிஎன்எஸ்ஸைச் சரிசெய்யாமல் என்டிபியைச் சோதித்துப் பயனில்லை.

ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பின்னுக்குப் போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து மல்டிமீட்டரில் பாருங்கள். 2.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். நேரம் பின்னால் குதித்த நாட்களின் பதிவு தேடும்போது அந்தத் தேதியில் கிடைக்காது, ஒரு சம்பவத்துக்குக் காட்சி தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும்.

மூன்றும் சரியென்றால் பி2பி பக்கத்துக்கு வாருங்கள். டிக் இருக்கிறதா, ஸ்டேட்டஸ் "ஆன்லைன்" என்று மாறுகிறதா என்று பாருங்கள். மாற்றியபின் அப்ளை கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், உடனே மாறாது. ரெக்கார்டர் ஆன்லைன் என்கிறது, ஆனால் ஆப்பில் சேர்க்கும்போது "ஏற்கெனவே வேறு கணக்கில் உள்ளது" என்று வந்தால் நெட்வொர்க்கில் குறை இல்லை. பொருத்தித் தந்தவரோ, வீட்டில் இன்னொருவரோ தங்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஆப்பிலிருந்து நீக்கினால்தான் உங்களால் சேர்க்க முடியும். பொருத்தியவரின் கணக்கில் உங்கள் வீட்டுக் கேமராக்கள் தொடர்ந்து இருப்பது நல்லதல்ல, முதல் நாளே உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரவுட்டர் மாற்றியதிலிருந்து எதுவும் வேலை செய்யவில்லை

பழைய ரவுட்டர் 192.168.1.1, புதியது 192.168.0.1. ரெக்கார்டரிலோ 192.168.1.20 என்று கையால் போட்ட நிலையான முகவரி. மூன்றாவது எண் மாறிவிட்டதால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. புதிதாக வாங்கிய ரெக்கார்டருக்கும் இது பொருந்தும். டாஹுவா வகைகள் பல 192.168.1.108 என்ற முகவரியோடும், ஹிக்விஷன் வகைகள் பல 192.168.1.64 என்ற முகவரியோடும் பெட்டியிலிருந்து வருகின்றன. உங்கள் ரவுட்டர் வேறு வரிசையில் இருந்தால் செருகியவுடன் தெரியாது.

சரியான எண்களைக் கண்டுபிடிக்க எளிய வழி ரெக்கார்டரையே கேட்பது:

1. டிசிபி/ஐபி பக்கத்தில் டிஹெச்சிபியை ஆன் செய்து அப்ளை கொடுங்கள்.
2. ஒரு நிமிடம் கழித்து அதே பக்கத்தைத் திறந்தால் ஐபி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் ரவுட்டர் கொடுத்தபடி நிரம்பியிருக்கும். எழுதிக்கொள்ளுங்கள்.
3. டிஹெச்சிபியை ஆஃப் செய்யுங்கள். மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் அப்படியே விட்டு, ஐபி முகவரியின் கடைசி எண்ணை மட்டும் ரவுட்டரின் டிஹெச்சிபி பட்டியலுக்கு வெளியே உள்ள ஒன்றாக மாற்றுங்கள். பட்டியல் 100 முதல் 200 வரை என்றால் 20 போடலாம்.
4. அப்ளை கொடுத்து, போன் பிரவுசரில் புது முகவரியைத் திறந்து பாருங்கள்.

டிஹெச்சிபியிலேயே விட்டுவிட்டால் என்ன? பி2பி ஆப்பில் மட்டும் பார்ப்பவருக்கு அதனால் குறை எதுவும் இல்லை. கணினி மென்பொருளிலோ பிரவுசரிலோ ஐபி முகவரி கொடுத்துப் பார்ப்பவருக்கு நிலையான முகவரி வேண்டும். ரெக்கார்டரைத் தொடாமல் அதைச் செய்ய இன்னொரு வழி, ரவுட்டரில் ரெக்கார்டரின் மேக் அட்ரஸுக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பது. எங்கள் பரிந்துரை இரண்டாவதுதான். எல்லா முகவரியும் ஒரே இடத்தில் தெரியும், அடுத்த முறை ரவுட்டர் மாறினாலும் ரெக்கார்டர் தானாகப் புதிய முகவரிக்குப் போய்விடும்.

கேமராக்களும் தனித்தனி ஐபி கேமராக்களாக ஒரு ஸ்விட்ச் வழியே ரவுட்டரோடு இணைந்திருந்தால் கதை வேறு. ரெக்கார்டரை மட்டும் புது வரிசைக்கு மாற்றினால் அத்தனை கேமராவும் அறுந்துவிடும். எட்டு கேமராவையும் ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட, புது ரவுட்டரின் லேன் முகவரியைப் பழைய ரவுட்டரின் முகவரிக்கு மாற்றுவது நல்லது. ஒரே இடத்தில் 192.168.0.1-ஐ 192.168.1.1 என்று மாற்றினால் ரெக்கார்டர், கேமராக்கள் எல்லாம் பழையபடி திரும்பும்.

மானிட்டர் இல்லாமல் ரெக்கார்டர் மட்டும் அலமாரியில் இருக்கிறது, முகவரியும் தெரியாது என்றால் தயாரிப்பாளரின் தேடும் மென்பொருளைக் கணினியில் ஓட்டுங்கள். ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, டாஹுவாவுக்கு கான்ஃபிக்டூல். முகவரி வரிசை பொருந்தாவிட்டாலும் ஒரே ஸ்விட்சில் அல்லது ரவுட்டரில் இருக்கும் ரெக்கார்டரை இவை காட்டிவிடும். அங்கிருந்தே முகவரியை மாற்றலாம், அட்மின் பாஸ்வேர்டு தேவைப்படும்.

சில நாள் நன்றாக ஓடுகிறது, திடீரென்று போய்விடுகிறது

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி, மறுபடியும் போகிறதென்றால் ஐபி மோதலைச் சந்தேகியுங்கள். ரெக்கார்டருக்குக் கையால் கொடுத்த முகவரி ரவுட்டரின் டிஹெச்சிபி பட்டியலுக்குள் இருந்தால், ரவுட்டர் அதே எண்ணை ஏதோ ஒரு நாள் விருந்தாளியின் போனுக்குக் கொடுத்துவிடும். அந்தப் போன் வீட்டில் இருக்கும் வரை இரண்டும் அடித்துக்கொள்ளும், போன பிறகு தானாகச் சரியாகும். அதனால்தான் காரணம் பிடிபடுவதில்லை. உறுதிசெய்ய, கோளாறு நடக்கும் நேரத்திலேயே ரெக்கார்டரின் லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியிலிருந்து அதன் முகவரியை பிங் செய்யுங்கள். கேபிள் இல்லாத ரெக்கார்டரின் முகவரியிலிருந்து பதில் வந்தால் வேறு ஒருவர் அங்கே இருக்கிறார். பட்டியலுக்கு வெளியே மாற்றுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் போகிறதென்றால் காரணம் வேறு. ரெக்கார்டர் யுபிஎஸ்ஸில், ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் நேரடி மின்சாரத்தில் இருக்கும். அல்லது மூன்றும் ஒன்றாகவே எழும், ஆனால் ஃபைபர் பெட்டி இணைப்புப் பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ரெக்கார்டர் அதற்குள் முயன்று தோற்றிருக்கும். நல்ல ஃபர்ம்வேர் (ரெக்கார்டரின் உள் மென்பொருள்) மறுபடி முயலும், சில பழைய மாடல்கள் அப்படியே நின்றுவிடும். மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுவதே சரியான தீர்வு. முடியாவிட்டால், ரெக்கார்டரில் வாரம் ஒருமுறை தானாக ரீபூட் ஆகும் வசதியை அதிகாலையில் வைத்துவிடுங்கள். அது ஒட்டுதான், ஆனாலும் வேலை செய்யும்.

ஆன்லைன்தான், ஆனால் படம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமராவின் மெயின் ஸ்ட்ரீம் (முழுத் தர வீடியோ) 4096 கேபிபிஎஸ் என்றால் நான்கு கேமராவை ஒன்றாகத் திறக்க சுமார் 16 எம்பிபிஎஸ் வேண்டும். இது வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம், அதாவது அப்லோட். 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்று விற்கப்படுவது டவுன்லோட் வேகமாக இருக்கலாம், அப்லோட் அதில் ஒரு துண்டாக இருக்கலாம். வீட்டு வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அப்லோட் எண்ணைப் பாருங்கள்.

போனில் பார்க்க சப் ஸ்ட்ரீம் (தரம் குறைத்த வீடியோ) போதும். 512 கேபிபிஎஸ் வீதம் நான்கு கேமராவும் 2 எம்பிபிஎஸ்ஸில் அடங்கும். ஆப்பில் "ஹெச்டி"யிலிருந்து "எஸ்டி" அல்லது "ஸ்மூத்" என்று மாற்றினால் சப் ஸ்ட்ரீம் வரும். பதிவு மெயின் ஸ்ட்ரீமிலேயே தொடரும், தரம் குறையாது. ரெக்கார்டரில் சப் ஸ்ட்ரீம் அணைக்கப்பட்டிருந்தால் பல கட்டத் திரையில் கருப்பாக வரும், ஒற்றைக் கேமராவைப் பெரிதாக்கினால் மட்டும் படம் வரும். அந்தக் கேமராவின் என்கோட் பக்கத்தில் அதை ஆன் செய்யுங்கள்.

படம் வர ஐந்தாறு விநாடி ஆகிறது, வந்தபின் சீராக ஓடுகிறது என்றால் ஐ-ஃபிரேம் இடைவெளியைப் பாருங்கள். முழுப் படம் ஐ-ஃபிரேமில்தான் இருக்கிறது, இடையில் வருபவை மாற்றங்கள் மட்டும். திறந்தவுடன் அடுத்த ஐ-ஃபிரேமுக்குக் காத்திருக்க வேண்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் கேமராவில் இடைவெளி 50 என்றால் அதிகபட்சம் 2 விநாடிக் காத்திருப்பு. ஹார்டு டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்தும் "ஸ்மார்ட்" கோடெக் வசதிகள் இந்த இடைவெளியைத் தாமாகவே நீட்டும்.

அரிதாக, லாகின் ஆகிறது, கேமராப் பெயர்கள் வருகின்றன, படம் மட்டும் எந்தத் தரத்திலும் வருவதில்லை. சிறிய பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை என்பதன் அடையாளம் இது. பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்துச் சேரும் முறை) இணைப்புகளில் 8 பைட் கூடுதலாகச் செலவாவதால் வழக்கமான எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500-க்குப் பதில் 1492 தான் கொள்ளும். ரெக்கார்டரின் டிசிபி/ஐபி பக்கத்தில் எம்டியூவை 1492 என்றும், அதிலும் வராவிட்டால் 1400 என்றும் மாற்றிப் பாருங்கள்.

என்விஆரில் ஒரு கேமரா மட்டும் வரவில்லை

பிஓஇ போர்ட்களுக்குள் இருப்பது தனி நெட்வொர்க். ஹிக்விஷனில் 192.168.254 வரிசை, டாஹுவாவில் 10.1.1 வரிசை வழக்கம். வெளியே ரவுட்டரோடு இணைத்து முகவரி மாற்றிய கேமராவைக் கொண்டுவந்து பிஓஇ போர்ட்டில் செருகினால் முகவரி வரிசை பொருந்தாமல் போகலாம். சேனலை "பிளக் அண்ட் பிளே" நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் ரெக்கார்டர் தானே முகவரி கொடுத்து எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு தப்பு என்று காட்டினால் அந்தக் கேமராவின் பழைய பாஸ்வேர்டை அந்தச் சேனலில் கொடுங்கள். எதுவும் உதவாவிட்டால் கேமராவின் ரீசெட் பொத்தான்தான். இரவில் மட்டும் ஒரு கேமரா போகிறதென்றால் நெட்வொர்க் செட்டிங்கை விட்டுவிட்டு கேபிளைப் பாருங்கள்: இருட்டில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது மின்சாரம் கூடுதலாக இழுக்கப்படும், மோசமான கேபிளில் வோல்டேஜ் விழும்.

பிரவுசரில் லாகின் ஆகிறது, படம் வரவில்லை

பழைய ரெக்கார்டர்கள் பிரவுசர் பிளக்-இன்னை நம்பியவை. குரோம் 2015-இலேயே அத்தகைய பிளக்-இன்களை நிறுத்திவிட்டது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூனில் ஓய்வுபெற்றது. மைக்ரோசாஃப்ட் எட்ஜில் ஐஇ மோடில் திறந்து பாருங்கள், அல்லது தயாரிப்பாளரின் கணினி மென்பொருளைப் போடுங்கள். புதிய ரெக்கார்டரிலும் படம் வராவிட்டால் சப் ஸ்ட்ரீமின் வீடியோ சுருக்க முறையை ஹெச்.265-லிருந்து ஹெச்.264-க்கு மாற்றுங்கள். லாகின் பக்கமே வராவிட்டால் ஹெச்டிடிபி போர்ட் 80-லிருந்து மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 8080 என்றால் முகவரிக்குப் பின் முக்காற்புள்ளி போட்டு 8080 சேர்க்க வேண்டும்.

போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் வெளியிலிருந்து திறக்கவில்லை

வெளியிலிருந்து வரும் அழைப்பை ரவுட்டர் ரெக்கார்டருக்குத் திருப்பிவிடச் செய்வதுதான் போர்ட் ஃபார்வர்டிங். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை என்றால் உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது, அல்லது அதே பகிர்வுதான். இரண்டிலும் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு அதுவரை வந்தே சேராது. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியை அடித்துச் சோதிக்கவும் வேண்டாம். பல ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளிபோய்த் திரும்பும் இணைப்பை அனுமதிப்பதில்லை. மொபைல் டேட்டாவில்தான் சோதிக்க வேண்டும்.

ஆனால் பொது முகவரியே இருந்தாலும் ரெக்கார்டரின் 80, 554, 8000, 37777 போர்ட்களை இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். இதைத் தயங்காமல் சொல்கிறோம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே இணையத்தின் பெரிய தளங்களை முடக்கியது. 2021-இல் ஹிக்விஷன் சாதனங்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய வழிதரும் ஓட்டை வெளியானது. வலுவான பாஸ்வேர்டும் அப்போது காப்பாற்றாது. போர்ட் எண்ணை 80-லிருந்து வேறாக மாற்றுவதும் காப்பு அல்ல, எல்லாப் போர்ட்டையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. ரவுட்டரிலும் ரெக்கார்டரிலும் யுபிஎன்பி ஆன் ஆக இருந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே போர்ட் திறந்துகொள்ளும், அதையும் அணையுங்கள்.

பி2பி வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனிப் பாதை) இருக்கிறது. ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் வசதி இருந்து பொது முகவரியும் இருந்தால் அதன் ஒரு யுடிபி போர்ட் மட்டும் திறந்தால் போதும், வழக்கமாக 51820. பொது முகவரி இல்லாதவர்கள் எப்போதும் ஓடும் ஒரு சிறு கணினியில் டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு, வீட்டு நெட்வொர்க் முழுவதையும் அதன் வழியே அணுகலாம். எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.

சரியான பாஸ்வேர்டு போட்டும் கணக்கு லாக் ஆகிறது

சமீபத்தில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்த இன்னொரு போனோ, கணினி மென்பொருளோ பின்னணியில் முயன்றுகொண்டே இருக்கும். சில தவறான முயற்சிகளில் ரெக்கார்டர் பூட்டிக்கொள்ளும், பூட்டு திறந்தவுடன் அது மறுபடி முயன்று பூட்டவைக்கும். ரெக்கார்டரின் லேன் கேபிளைக் கழற்றி, பூட்டு நேரம் முடியும் வரை, மாடலைப் பொறுத்து அரை மணி நேரம் வரைகூட, பொறுத்திருந்து மானிட்டர் முன் உட்கார்ந்து லாகின் செய்யுங்கள். ரெக்கார்டரின் நிகழ்வுப் பதிவேட்டில் ("லாக்" என்ற பகுதி) தோல்வியுற்ற லாகின்கள் எந்த ஐபியிலிருந்து வந்தன என்று இருக்கும். 192.168 என்றால் வீட்டுச் சாதனம். தெரியாத வெளி முகவரி என்றால் எங்கேயோ போர்ட் திறந்திருக்கிறது, மேலே உள்ள பகுதிக்குப் போங்கள்.

எச்சரிக்கை மெயில் வரவில்லை

ஜிமெயில் 2022 மே 30 முதல் சாதாரண பாஸ்வேர்டை இத்தகைய சாதனங்களிடமிருந்து ஏற்பதில்லை. கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு உருவாக்கி, இடைவெளி இல்லாமல் ரெக்கார்டரில் கொடுங்கள். எஸ்எஸ்எல் என்றால் போர்ட் 465, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்றால் 587. 25-ஆம் போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் தடுத்திருக்கின்றன. எல்லாம் சரியாக இருந்தும் மிகப் பழைய ரெக்கார்டரில் டெஸ்ட் தோற்றால், இன்றைய மெயில் சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் பதிப்பு அதன் ஃபர்ம்வேரில் இல்லாமல் இருக்கலாம். அந்த நிலையில் ஆப்பின் புஷ் அறிவிப்புக்கு மாறிவிடுவதே நடைமுறை.

எதுவும் பலிக்கவில்லை, ரீசெட் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எந்த ரீசெட் என்று பாருங்கள். "சிம்பிள்" என்று பெயரிட்ட ரீசெட் பல ரெக்கார்டர்களில் நெட்வொர்க் செட்டிங்கையும் பயனர் கணக்குகளையும் தொடாது. உங்கள் கோளாறு இருக்கும் இடத்தையே அது விட்டுவிடும். முழு ஃபேக்டரி ரீசெட் அவற்றையும் அழிக்கும். ஹார்டு டிஸ்க்கில் உள்ள பதிவுகள் பொதுவாக அப்படியே இருக்கும், டிஸ்க் ஃபார்மேட் கொடுத்தால்தான் போகும். ரெக்கார்டிங் அட்டவணை, மோஷன் பகுதிகள், கேமராப் பெயர்கள் போய்விடும் என்பதால் முதலில் செட்டிங்கை யுஎஸ்பியில் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ஆனால் ரீசெட் ஆனதும் அந்தக் கோப்பை அப்படியே இறக்க வேண்டாம், தப்பான நெட்வொர்க் எண்களும் அதோடு திரும்பி வரும். முதலில் தேதியும் டைம்ஸோனும், அடுத்து டிஹெச்சிபியும் டிஎன்எஸ்ஸும், பிறகு 8.8.8.8 பிங், கடைசியில் பி2பி என்ற வரிசையில் கையால் போட்டு, ஸ்டேட்டஸ் ஆன்லைன் ஆனபின் மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.